ஏழாவது அட்டை: என்பிஏ அணிகள் ஏன் பிக்குக்குப் பூட்டுப் போட்டு விற்கின்றன?

2025 மே 12, சிகாகோ. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏயின் டிராஃப்ட் லாட்டரி, அதாவது புது ஆட்டக்காரர்களை எந்த அணி எந்த வரிசையில் எடுக்கும் என்று பார்க்கும் குலுக்கல். அதன் முடிவை 14ஆம் இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிக் காட்டிக்கொண்டே முதல் இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பர் ஃப்ளாக் என்ற பதினெட்டு வயதுப் பையன் எந்த அணிக்குக் கிடைப்பான் என்பதுதான் ஊருக்கெல்லாம் கேள்வி. பிலடெல்பியா செவன்ட்டிசிக்ஸர்ஸ் ரசிகர்களுக்கு மட்டும் கண் ஏழாவது அட்டையில்.

அந்த சீசனில் சிக்ஸர்ஸ் 82 ஆட்டங்களில் 24தான் வென்றிருந்தது. லீகிலேயே ஐந்தாவது மோசமான அணி. அவர்களுடைய முதல் சுற்று பிக் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) 1 முதல் 6 வரை எங்கே விழுந்தாலும் அவர்களுக்கே. 7 அல்லது அதற்குப் பின்னால் போனால் ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு. தண்டர் யார்? அந்த சீசனில் 68 ஆட்டங்கள் வென்று, அடுத்த மாதமே சாம்பியனும் ஆன அணி. உள்ளவனுக்கே மேலும் போய்ச் சேரும் நிலைமை.

கணக்கு இதுதான். தோல்விக் கணக்கு வரிசையில் சிக்ஸர்ஸுக்குப் பின்னால் நிற்கும் ஒரே ஓர் அணி லாட்டரியில் முன்னே தாவினால் சிக்ஸர்ஸ் ஆறாவதாக இறங்கும், பிக் தப்பிக்கும். இரண்டு அணிகள் தாவினால் ஏழு, பிக் போச்சு. டல்லஸ் வரவேண்டிய 11ஆம் அட்டையில் போர்ட்லண்ட் வந்தது. டல்லஸ் தாவிவிட்டது. ஒன்பதாம் அட்டையில் சான் அன்டோனியோ வரவேண்டும், டொராண்டோ வந்தது. இரண்டாவது தாவல். இனி சிக்ஸர்ஸ் பிழைக்க ஒரே வழி, அதுவும் சேர்ந்து மேலே தாவியிருக்க வேண்டும். எட்டாவது அட்டை புரூக்லின். ஏழாவதைத் திருப்பினால், நியூ ஆர்லியன்ஸ். சிக்ஸர்ஸ் தாவியிருந்தது. மூன்றாம் இடம் கிடைத்து, அதில் விஜே எட்ஜ்கோம்பை எடுத்தார்கள்.

இந்த நெஞ்சிடிப்புக்கு விதை போட்டது 2020ஆம் ஆண்டின் கடைசியில். அல் ஹார்ஃபர்டின் பெரிய ஒப்பந்தம் சிக்ஸர்ஸுக்குச் சுமையாகிவிட்டது. அதை இறக்கிவைக்க ஓக்லஹோமா சிட்டியோடு ஒரு டிரேட் (அணிகளுக்குள் மாற்று வியாபாரம்) செய்தார்கள். சுமையை ஏற்றுக்கொண்டதற்குக் கூலியாக ஐந்து வருஷம் தள்ளி ஒரு முதல் சுற்று பிக்கைக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது, ‘முதல் ஆறுக்குள் வந்தால் மட்டும் எங்களுக்கே’ என்று ஒரு நிபந்தனையும் போட்டுக்கொண்டார்கள். ரசிகர்கள் மொழியில் இது ‘டாப்-6 புரொடெக்டட்’. நடுவில் ஹார்ஃபர்ட் ஓக்லஹோமாவை விட்டு பாஸ்டனுக்குப் போய், 2024இல் அங்கே சாம்பியனும் ஆகிவிட்டார். கடன் மட்டும் அங்கேயே நின்றது.

டிராஃப்ட் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. ஒவ்வொரு வருஷமும் புது ஆட்டக்காரர்களை 30 அணிகளும் வரிசைப்படி இரண்டு சுற்றாகத் தேர்ந்தெடுக்கும். 2025இன் முறைப்படி, பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கு) போகாத 14 அணிகள் லாட்டரிக்குள் வரும். முதல் நான்கு இடங்களைக் குலுக்கிப் போட்டு, மிச்சத்தைத் தோல்விக் கணக்குப்படி வரிசையாக அடுக்குவார்கள். மோசமான அணிக்கு நல்ல பிக் என்பது கொள்கை. அந்த வரிசையில் நிற்கும் உரிமைதான் ‘பிக்’. அதை விற்கலாம், வாங்கலாம், மறுபடி விற்கலாம். ஏழு வருஷத்துக்கு அப்பால் உள்ளதை மட்டும் தொடமுடியாது.

அடுத்த வருஷ மாந்தோப்பு விளைச்சலை இப்போதே பேசி முன்பணம் வாங்குகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். “சுமாராகக் காய்த்தால் நீயே பறித்துக்கொள். ஊரே பேசும்படி காய்த்துவிட்டால் இந்த வருஷம் எனக்கு, உனக்கு அடுத்த வருஷம்” என்கிறார் அவர். வியாபாரி சும்மா தலையாட்ட மாட்டார். “சரி, அப்படியானால் விலையைக் குறை” என்பார். புரொடெக்ஷன் என்பது இந்தப் பேரம்தான். ரசிகர்கள் சண்டையில் அடிக்கடி மறந்துபோவது இந்த இரண்டாம் பாதியைத்தான். ‘ஏன் புரொடெக்ஷன் போடவில்லை, முட்டாளா இவர்?’ என்று கேட்கிறோம். போட்டிருந்தால் டிரேடே நடந்திருக்காது, அல்லது இன்னொரு பிக்கையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பது கேள்விக்குள் வருவதில்லை.

என் கட்சி இது. புரொடெக்ஷன் எண் பிக்கைக் காப்பாற்றும் பூட்டாக மட்டும் இருப்பதில்லை. இத்தனை வருஷம் கழித்து நாங்கள் எவ்வளவு மோசமாக இருப்போம் என்று ஓர் அணி தன்னைப் பற்றிச் சொல்லும் ஜோசியம் அதற்குள் இருக்கிறது. தன் ஜாதகத்தைத் தானே கணிப்பவர்களுக்கு நேர்வதெல்லாம் அணிகளுக்கும் நேர்கிறது.

முதல் சாட்சி வான்கூவர் கிரிஸ்லீஸ். 1997இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடமிருந்து ஓட்டிஸ் தார்ப் என்ற மூத்த ஆட்டக்காரரை வாங்கினார்கள். விலை, பின்னொரு வருஷத்தின் முதல் சுற்று பிக். வருஷம் போகப்போகப் புரொடெக்ஷன் தளர்ந்துகொண்டே வரும் ஏற்பாடு. கடைசியாக 2003இல் முதல் இடம் ஒன்றுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. தார்ப் ஒரு சீசன் முழுதாகக்கூட அங்கே ஆடவில்லை. அணியே வான்கூவரைக் காலி செய்துவிட்டு மெம்பிஸுக்குக் குடிபோனது. கடன் கூடவே பயணம் செய்தது.

2003 லாட்டரியில் கடைசியாக இரண்டு அணிகள் மிஞ்சின: மெம்பிஸ், கிளீவ்லண்ட். மேடையில் மெம்பிஸின் சார்பில் நின்றவர் ஜெர்ரி வெஸ்ட். அந்த 1997 டிரேடில் அவருக்குக் கையே இல்லை. முதல் இடம் வந்தால் லெப்ரான் ஜேம்ஸ் மெம்பிஸுக்கு. இரண்டாம் இடம் வந்தால் ஒன்றுமே இல்லை, பிக் டெட்ராய்ட்டுக்கு. வழக்கமாக லாட்டரியில் இரண்டாம் இடம் என்றால் ஆட்டம் பாட்டம்தான். அன்று வெஸ்டின் முகம் இறுகிப்போனதை அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கிளீவ்லண்டுக்கு லெப்ரான். டெட்ராய்ட் அந்த இரண்டாம் இடத்தில் டார்க்கோ மிலிசிச்சை எடுத்தது. அடுத்தடுத்துப் போனவர்கள் கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட். மெம்பிஸ் இழந்ததை டெட்ராய்ட் வாங்கி வீணடித்தது என்று இரண்டு ஊர் ரசிகர்களும் இன்றுவரை மாறிமாறிப் பெருமூச்சு விடுகிறார்கள். டெட்ராய்ட்டுக்காவது 2004இல் கோப்பை வந்து காயத்தை ஆற்றியது.

இதை ‘மடத்தனமான டிரேட்’ என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகப் படுவது அந்தத் தளரும் ஏற்பாடு. 1997இல் உட்கார்ந்து பேசியவர்கள், ஆறு வருஷத்தில் நாம் தேறிவிடுவோம் என்று நம்பியிருக்கிறார்கள். புது அணிதானே, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுவோம், எனவே புரொடெக்ஷனும் அப்படியே இறங்கலாம். காகிதத்தில் இது நியாயமாகத்தான் தெரியும். தேறவில்லை, அவ்வளவுதான்.

பூட்டே போடாமல் கொடுத்தவர்கள் கதைக்கு வருவோம். இதில் ரசிகர்களுக்குப் பிடித்த இரண்டு. 2011 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ், பாரன் டேவிஸ் என்ற ஆட்டக்காரரின் ஒப்பந்தத்திலிருந்து விடுபட, அந்த வருஷ முதல் சுற்று பிக்கையும் சேர்த்துக் கிளீவ்லண்டுக்குக் கொடுத்தது. எந்தப் பாதுகாப்பும் இல்லை. அந்த பிக் முதலிடம் பெற வாய்ப்பு 2.8 சதவீதம். அதுவே விழுந்தது. கைரி இர்விங். ஐந்து வருஷம் கழித்து 2016 ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டத்தில் கிளீவ்லண்டுக்குக் கோப்பையை உறுதிசெய்த அந்த மூன்று புள்ளி ஷாட்டை அடித்தவர்.

இங்கே என் தீர்ப்பு கிளிப்பர்ஸ் பக்கம் கொஞ்சம் சாயும். 2.8 சதவீதம் விழுந்ததால் முடிவு மோசமானது, சரி. ஆனால் அதைத் தவிர்க்க ஒரு டாப்-3 புரொடெக்ஷன் கேட்டிருக்கலாமே என்ற கேள்விக்கு மட்டும் நல்ல பதில் கிடையாது. சுமையை இறக்கும் அவசரத்தில் இருப்பவன் பேரம் பேசும் இடத்தில் இல்லை என்பதைத் தவிர.

அடுத்தது புரூக்லின் நெட்ஸ், 2013. கெவின் கார்னெட்டுக்கு 37 வயது, பால் பியர்ஸுக்கு 35. இருவரையும் ஜேசன் டெர்ரியையும் பாஸ்டனிடமிருந்து வாங்க 2014, 2016, 2018 ஆகிய மூன்று வருஷ முதல் சுற்று பிக்குகளைப் பூட்டில்லாமல் கொடுத்து, 2017இல் இரண்டு அணிகளின் பிக்குகளில் நல்லதைப் பாஸ்டன் எடுத்துக்கொள்ளும் மாற்று உரிமையையும் கொடுத்தார்கள். வருஷங்கள் ஒன்றுவிட்டு ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். காரணம் பிறகு. புரூக்லின் 2016-17இல் 20 ஆட்டம் மட்டும் வென்றது. 2016 பிக் மூன்றாமிடம், ஜேலன் பிரவுன். 2017 மாற்று முதலிடம். அதைப் பாஸ்டன் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து மூன்றாம் இடத்தையும் இன்னொரு பிக்கையும் வாங்கி, மூன்றாமிடத்தில் ஜேசன் டேட்டத்தை எடுத்தது. 2024இல் பாஸ்டன் கோப்பை வென்றபோது அணியின் இரு தூண்களும் இந்த ஒரு டிரேடின் விளைச்சல்.

அதே நெட்ஸ் 2012 மார்ச்சில், நியூ ஜெர்சியில் இருந்த கடைசி சீசனில், பூட்டுப் போட்டும் கோட்டைவிட்டது. ஜெரால்ட் வாலஸை போர்ட்லண்டிடமிருந்து வாங்கக் கொடுத்த பிக் டாப்-3 புரொடெக்டட். ஆறாமிடத்தில் விழுந்தது. போர்ட்லண்ட் எடுத்தது டேமியன் லில்லார்டை. அப்போது நெட்ஸ் போட்ட கணக்கு, முதல் மூன்றைத் தாண்டினால் அந்த வருஷம் பெரிய நட்சத்திரம் இல்லை என்பது. பூட்டு சரியாக வேலை செய்தது. பூட்டு போட்ட பெட்டிக்கு வெளியே நகை இருந்தது.

இதுவரை சொன்னது அதிர்ஷ்டக் கதைகள். ஒரு வருஷம் பேசிச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ரசிகர்கள் நிஜமாகவே சட்டையைப் பிடித்துக்கொள்ளும் இடம் வேறு: புரொடெக்ஷன் எண் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அப்படி ஒரு கோடு மைதானத்தின் நடுவே கிடந்தால், சீசன் முடியும் நேரத்தில் எந்த அணியும் அதைக் காணாததுபோல் ஆடாது.

2012இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் பிக் டாப்-7 புரொடெக்டட். ஏழைத் தாண்டினால் யூட்டா ஜாஸுக்கு. மார்ச்சில் அணியின் அதிகப் புள்ளி எடுப்பவரான மோன்ட்டா எல்லிஸைக் கொடுத்து, காயத்தில் படுத்திருந்த ஆண்ட்ரூ போகட்டை வாங்கினார்கள். ஸ்டெஃப் கர்ரி கணுக்கால் காயத்தால் பெரும்பாலான ஆட்டங்களில் இல்லை. தோல்விகள் குவிந்தன. லாக்அவுட்டால் (உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த ஒப்பந்தத் தகராறால்) 66 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்த சீசன் முடிந்தபோது வாரியர்ஸும் டொராண்டோவும் 23 வெற்றி, 43 தோல்வி என்று சமமாக நின்றன. ஏழாமிடம் யாருக்கு, எட்டாமிடம் யாருக்கு? நாணயத்தைச் சுண்டினார்கள். வாரியர்ஸ் வென்றது. லாட்டரியிலும் பின்னாலிருந்து யாரும் தாவவில்லை. பிக் தங்கியது. ஹாரிசன் பார்ன்ஸ் வந்தார், 2015இல் கோப்பை வென்ற அணியின் ஆரம்ப ஐவரில் ஒருவராக இருந்தார். யூட்டாவுக்கு அடுத்த வருஷம் கடன் அடைந்தது, 21ஆம் இடமாக. நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால் என்று கேட்டுக்கொண்டே யூட்டா ரசிகர்கள் காலம் தள்ள வேண்டியதுதான்.

வாரியர்ஸ் வேண்டுமென்றே தோற்றதா? காயங்கள் உண்மை. டிரேடும் பிற்பாடு நல்ல டிரேடு என்று நிரூபணமாயிற்று. அதனால் கொஞ்சம் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம். டல்லஸுக்கு அதைக் கொடுக்க வழியே இல்லை.

2023 ஏப்ரல் 7. டல்லஸ் மேவரிக்ஸின் பிக் டாப்-10 புரொடெக்டட். 2019இல் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை வாங்கிய கணக்கில் நியூயார்க் நிக்ஸுக்குக் கொடுக்கவேண்டிய கடன். பிளே-இன் (பிளேஆஃபுக்குள் நுழைவதற்கான தகுதி ஆட்டங்கள்) வாய்ப்பு இன்னும் கணக்கில் உயிரோடு இருந்தது. அந்த நிலையில் சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தில் கைரி இர்விங் உட்பட முக்கிய ஆட்டக்காரர்கள் பெஞ்சில். லூக்கா டான்சிச் முதல் கால்பகுதியோடு ஏறக்குறைய முடித்துக்கொண்டார். தோற்றார்கள், பிளே-இன் வாய்ப்பும் முடிந்தது. லீக் 7,50,000 டாலர் அபராதம் போட்டது. லாட்டரியில் பிக் பத்தாமிடத்தில் சரியாகக் கோட்டுக்குள் உட்கார்ந்தது. அதை வைத்து இரண்டு இடம் கீழே இறங்கும் ஒரு டிரேட் செய்து, 12ஆம் இடத்தில் டெரெக் லைவ்லியை எடுத்தார்கள். அடுத்த வருஷம் அதே அணி ஃபைனல்ஸ் வரை போனது, லைவ்லியும் அதில் முக்கியப் பங்கு. நிக்ஸுக்குக் கடன் அடைந்தது 2024இல், 24ஆம் இடமாக.

முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தால் ஏழரை லட்சம் டாலர் அந்த அணி செய்த மலிவான கொள்முதல்களில் ஒன்று. இங்கேதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். டிக்கெட் வாங்கி வந்தவனை ஏமாற்றினார்கள் என்று ஒரு கட்சி. விதி இப்படி இருக்கும்போது விதிப்படி ஆடியவனை ஏன் திட்டுகிறாய் என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாம் கட்சி மீது கோபம் வருவதில்லை, ஆனால் ஒன்று சொல்வேன். நிக்ஸ் ரசிகனின் இடத்தில் நின்று பாருங்கள். நான்கு வருஷத்துக்கு முன்பே விலை கொடுத்து வாங்கிய சரக்கு. விற்றவன் கடைசி நாளில் தராசில் கைவைக்கிறான், அபராதத் தொகையில் ஒரு பைசாவும் வாங்கியவனுக்கு வருவதில்லை.

கோட்டின் இன்னொரு சிக்கல், 2019க்குப் பிறகு அது எங்கே இருக்கிறது என்பதே கலங்கலாகிவிட்டது. அதற்கு முன் கடைசி இடத்து அணிக்கு முதலிடம் கிடைக்க வாய்ப்பு 25 சதவீதம். எவ்வளவு துரதிர்ஷ்டம் வந்தாலும் நான்காம் இடத்துக்குக் கீழே போகாது. ஆகவே டாப்-4 என்று எழுதிவைத்தால் உலகமே இடிந்தாலும் பிக் நமக்கு. வேண்டுமென்றே தோற்பதைக் குறைக்க லீக் வாய்ப்புகளைத் தட்டையாக்கியது. கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம், குலுக்கல் மூன்று இடத்துக்குப் பதில் நான்கு இடத்துக்கு. அந்த 2019 முறைப்படி கடைசி அணிக்கு ஐந்தாம் இடத்துக்கு விழும் வாய்ப்பே 47.9 சதவீதம். ஏறக்குறைய பூவா தலையா. அதே டாப்-4 என்ற சொல், அர்த்தம் வேறு. பழைய டிரேடுகளையும் புதியவற்றையும் ஒரே தட்டில் வைத்து வாதாடுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

நடுவில் சந்து விட்டு எழுதும் வகையும் உண்டு. முன்னே சொன்ன பாஸ்டன்-பிலடெல்பியா டிரேடில் வந்த அந்த ‘இன்னொரு பிக்’ அப்படிப்பட்டது. 2018 லேக்கர்ஸ் பிக் 2 முதல் 5க்குள் விழுந்தால் பாஸ்டனுக்கு. இல்லையென்றால் 2019 சாக்ரமென்டோ பிக், அதுவும் முதலிடம் வராவிட்டால். லேக்கர்ஸ் பிக் பத்தாம் இடத்தில் விழுந்து கைநழுவியது. சாக்ரமென்டோ யாரும் எதிர்பாராமல் தேறி, அந்த பிக் 14ஆம் இடத்துக்குப் போனது. நல்லவேளை, டேட்டம் இருந்தார்.

‘போலி ஃபர்ஸ்ட்’ என்று ரசிகர்கள் கேலி செய்யும் சரக்கும் இருக்கிறது. 2021 டிராஃப்டில் 19ஆம் இடத்தை நிக்ஸிடமிருந்து வாங்கி, சார்லட் ஹார்னெட்ஸ் காய் ஜோன்ஸை எடுத்தது. விலை, பலத்த பாதுகாப்போடு ஒரு முதல் சுற்று பிக். சார்லட் பிளேஆஃப் தரத்துக்கு வந்தால் மட்டுமே கைமாறும். நிக்ஸ் அதை கேம் ரெடிஷுக்காக அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. அட்லாண்டா அதை டிஜான்டே மர்ரேவுக்காக சான் அன்டோனியோவுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் செய்தியில் ‘ஒரு முதல் சுற்று பிக்’ என்றே எண்ணப்பட்டது. சார்லட் கடைசிவரை தேறவே இல்லை. 2025இல் காலம் முடிந்து, ஒப்பந்தப்படி அது இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளாகக் கரைந்தது. காய் ஜோன்ஸைச் சார்லட் 2023லேயே விடுவித்துவிட்டது. கைமாறிக்கொண்டே இருந்த செல்லாத செக் மாதிரி.

அதற்கும் கீழே ஒரு படி: இரண்டாம் சுற்றில் ‘டாப்-55 புரொடெக்டட்’. டிரேட் என்றால் ஒவ்வோர் அணியும் ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்பது விதி. கொடுக்க மனமில்லாதவர்கள் இதைக் கொடுப்பார்கள். 56 முதல் 60க்குள் விழுந்தால்தான் கைமாறும். மொய்க்கவரில் ஒரு ரூபாய் நாணயம் மட்டும் வைப்பதுபோல. என்பிஏ அணி ஒன்று டிராஃப்டில் எடுத்த முதல் இந்தியர் சத்னாம் சிங், 2015இல் டல்லஸ் எடுத்தபோது 52ஆம் இடம். இந்தக் கோட்டின்படி பார்த்தால் அவர்கூட ‘பாதுகாக்கப்பட்ட’ பகுதியில்தான் வருவார்.

அப்புறம் அந்த ஒன்றுவிட்டு ஒன்று விஷயம். 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெப்பியன் முதல் சுற்று பிக்குகளைத் தானம் செய்வதுபோல் அள்ளிக் கொடுத்தார். அவர் பொறுப்பேற்பதற்குச் சற்றுமுன்பே அந்த அணி டான் ஃபோர்டுக்காக லேக்கர்ஸுக்குக் கொடுத்திருந்த பிக் ஒன்று 1982இல் முதலிடமாகி, அந்த வருஷம் கோப்பையும் வென்றிருந்த லேக்கர்ஸின் கையில் ஜேம்ஸ் வொர்த்தியாக மாறியது. அணியை அழியவிடாமல் தடுக்க லீக் விதி போட்டது. வரும் வருஷங்களில் அடுத்தடுத்த இரண்டு வருஷ முதல் சுற்று பிக்குகளை விற்கக்கூடாது. விதிக்கு அவர் பெயரே நிலைத்தது. பிக்கை முழுதாகக் கொடுக்காமல் மாற்றிக்கொள்ளும் உரிமைக்கு இந்தத் தடை இல்லை. நெட்ஸ் 2014, 2016, 2018 என்று கொடுத்து 2017இல் மாற்று உரிமை கொடுத்ததன் ரகசியம் அதுதான்.

இந்த விதியும் புரொடெக்ஷனும் சேரும்போது விற்றவன் கால்தான் கட்டப்படுகிறது. டெட்ராய்ட்டைப் பாருங்கள். 2020 டிராஃப்டில் 16ஆம் இடத்தைப் பிடித்து ஐசேயா ஸ்டுவர்ட்டை எடுக்க, பாதுகாப்பு போட்ட ஒரு பிக்கை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். இந்த வருஷம் கைமாறாவிட்டால் அடுத்த வருஷம், அதிலும் இல்லையென்றால் அதற்கடுத்த வருஷம் என்று நீளும் கடன். எந்த வருஷம் கைமாறும் என்று தெரியாததால், கைமாறக்கூடிய எல்லா வருஷமும், அவற்றின் பக்கத்து வருஷங்களும் முடங்கிப்போகும். பெரிய ஆட்டக்காரர் யாராவது சந்தைக்கு வந்தால் கொடுக்கக் கையில் பிக் இருக்காது. 14 வெற்றி மட்டும் பெற்ற 2023-24இல்கூடப் பிக்கை வைத்துக்கொண்டார்கள், கடனையும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கடன் பத்திரம் ஹூஸ்டனிலிருந்து ஓக்லஹோமா சிட்டி, அங்கிருந்து நியூயார்க், அங்கிருந்து கார்ல்-ஆந்தனி டவுன்ஸ் டிரேடில் மினசோட்டா என்று ஊர் சுற்றியது. 2025இல் டெட்ராய்ட் 44 ஆட்டம் வென்று பிளேஆஃபுக்குப் போனதும் ஒருவழியாக 17ஆம் இடமாக அடைந்தது. பாதுகாப்பு போட்டதால் எதையும் இழக்கவில்லை என்று டெட்ராய்ட் ரசிகர் ஒருவர் சொன்னால், இந்த ஐந்து வருஷங்களை நினைவூட்டலாம்.

பூட்டில்லாமல் கொடுத்துவிட்டால் தேதி உறுதி, மற்ற வருஷங்கள் சுதந்திரம். சில மேலாளர்கள் அதனாலேயே பூட்டை வேண்டாம் என்கிறார்கள். பூட்டில்லாத பிக் எல்லாம் அவசரக்காரன் வேலை என்ற வாதம் இங்கே வலுவிழக்கிறது.

2025 டிராஃப்டுக்கே திரும்பி முடிக்கலாம். சாக்ரமென்டோவின் பிக் அந்த வருஷம் டாப்-12 புரொடெக்டட், கெவின் ஹெர்ட்டரை அட்லாண்டாவிடமிருந்து வாங்கிய பழைய கணக்கு. விழுந்தது 13இல். ஒரே ஓர் இடம். பிக் அட்லாண்டாவுக்குப் போனது. டிராஃப்ட் இரவில் நியூ ஆர்லியன்ஸ் அந்த 13ஆம் இடத்தைக் கேட்டது, டெரிக் குவீனை எடுக்க. அதற்கு அது கொடுத்த விலை, 23ஆம் இடமும் 2026இன் ஒரு முதல் சுற்று பிக்கும்: நியூ ஆர்லியன்ஸ், மில்வாக்கி இரண்டில் எது மேலோ அது. எந்தப் பூட்டும் இல்லை. முந்தைய சீசனில் 21 ஆட்டம் மட்டும் வென்ற அணி அது. அன்றிரவே ரசிகர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

அந்த டிரேடுக்குப் பொறுப்பான நியூ ஆர்லியன்ஸ் தலைமை நிர்வாகி ஜோ டூமார்ஸ். 2003இல் மெம்பிஸ் கைவிட்ட அந்த இரண்டாம் இடத்தை வாங்கிக்கொண்டு, டெட்ராய்ட்டில் உட்கார்ந்து டார்க்கோவைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.